கிணத்துக்கடவு மாமா அமுக்கிய பொத்தான்

கோயமுத்தூர்க்காரர்கள் கோபமாக இருக்கிறார்களா சந்தோஷமாக இருக்கிறார்களா என்று வெளியூர்க்காரர்களால் கண்டுபிடிக்கவே முடியாது. மற்ற ஊர்களில் கோபம் வந்தால் மரியாதை குறையும். எங்களுக்குக் கூடும். ஒரு வாக்கியத்தில் ஒரு 'ங்க' இருந்தால் சாதாரணப் பேச்சு. இரண்டு இருந்தால் அன்பு. அதற்கு மேல் போனால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது. இந்த மரியாதையை நம்பி நான் ஒரு காரியம் செய்தேன். என் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

அப்போது பீளமேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. ஓய்வு நேரத்தில், வாசகர்களுக்கு மின்னஞ்சலில் போகிற ஒரு மின்மடல் நடத்திக்கொண்டிருந்தேன். பெயர், 'தொழில்நுட்பமும் அரசியலும்: ஒரு பார்வை'. (பெயரைப் படித்ததுமே கொட்டாவி வருகிறதா? உள்ளே இன்னும் மோசம்.) ரேஷன் கடை இயந்திரத்தில் விழாத கைரேகை, தெருவுக்குத் தெரு முளைக்கும் கேமரா, தேர்தல் நேரத்தில் கம்ப்யூட்டர் செய்து தரும் தலைவர்களின் போலிக் குரல் என்று நாட்டுக்குத் தேவையான எல்லாவற்றையும் எழுதினேன். நாடுதான் படிக்கவில்லை. ஆபீஸில் பக்கத்து சீட் தோழி மட்டும் தவறாமல் திறந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் அவளும் உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"கோவிச்சுக்காத தீபா. உன்ற மடலு சர்க்கார் சுற்றறிக்கையாட்டமா இருக்குது. நாம பேசற மாதிரி எழுதேன்."

ரோஷம் வந்துவிட்டது. மடலை அடியோடு மாற்றினேன். புதுப் பெயர், 'ஏனுங்க அரசே'. புது வண்ணம், புதுத் தளம். ஒவ்வொரு வாசகரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வசதி அந்தத் தளத்தில் இருந்தது. "உங்கள் தொடர்புகளையும் இணைத்துக்கொள்ளலாமா?" என்று பவ்யமாகக் கேட்டது. பவ்யமாகக் கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. சரி என்று அமுக்கினேன்.

யாரும் திறக்காமல் போய்விடக்கூடாதே என்று தலைப்பிலேயே ஒரு கொக்கி போட்டேன்: 'நம்ம உறவைப் பத்திங்க'. உள்ளே இப்படி ஆரம்பித்தேன்:

"இத்தன நாளா நமக்குள்ள இருந்த உறவு சரியாப் போகலீங்க. உங்க மேல ஒரு கொறையுமில்லீங்க. ஆனா இனிமே பழையபடி தொடர எனக்கு இஷ்டமில்லீங்க. புதுசா ஆரம்பிக்கப் போறனுங்க. ஒத்துவராதுன்னு தோணுச்சுன்னா தயங்காம வெலகிக்குங்க. கீழ பொத்தான் இருக்குதுங்க."

அதற்கும் கீழேதான் அரசியல், தொழில்நுட்பம் எல்லாம். அனுப்பிவிட்டு என் எழுத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் ஒரே ஒரு பதில் வந்தது. "சரிங்க அம்மணி. உங்க இஷ்டமுங்க. எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க. ஞாயித்துக்கெழமைங்க, வாரதாச் சொன்னமுங்க, சொன்ன சொல்லுக்காக வந்துட்டுப் போறமுங்க." 'ங்க'க்களை எண்ணிப் பார்த்தேன். கடைசி வாக்கியத்தில் மட்டும் மூன்று.

எழுதியவர் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த பிரபுவின் அப்பா. கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. மகனின் ஜாதகத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார், நானும் அந்த முகவரியை 'கிணத்துக்கடவு மாமா' என்று பதிந்துவைத்திருந்தேன். தொடர்புகளோடு தொடர்பாக அவரையும் அந்தத் தளம் இழுத்துக்கொண்டுவிட்டது. ஆக, அவருக்குப் போன மடல், 'ஏனுங்க கிணத்துக்கடவு மாமா' என்று தொடங்கியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அவர்கள் கை நனைப்பதாகப் பேச்சு. சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். இலையில் கை வைத்துவிட்டால் அப்புறம் பேச்சு மாறக் கூடாது. எனக்குப் பிரபுவை ரொம்பப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் சமைக்கத் தெரியுமா என்று கேட்காமல், என் மடலைத் தேடிப் படித்துவிட்டு வந்து, அந்த ரேஷன் கடைக் கைரேகை விஷயம் என்ன ஆச்சு என்று கேட்டவன் அவன். அவனை ஒரு மடலுக்காக இழப்பதை நினைத்தாலே அழுகை வந்தது.

மாமாவின் கோபத்துக்குக் காரணத்தை நானாகவே கண்டுபிடித்தேன். (என் அறிவு அப்படி.) மடலின் கீழ்ப்பகுதியில், தோட்டத்து மோட்டாரைச் செல்போனில் போடும் அரசுத் திட்டத்தைக் கிழிகிழி என்று கிழித்திருந்தேன். தோப்பில் அந்த மோட்டார் இருக்கிறதோ என்னவோ! பிரபுவைப் போனில் கூப்பிட்டேன். மடலைப் பற்றி வாயைத் திறக்கத் தைரியமில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டேன்.

"தெரியலீங்க. நேத்திருந்து எங்கம்மாவையே வாங்க போங்கன்னு பேசறாரு" என்றான்.

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாவிடம் போய் விழுந்தேன்.

"அனுப்புனதைத் திருப்பி வாங்க முடியாதா? அப்பறம் என்னத்த கம்ப்யூட்டர் படிச்சே?" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். இலை போட்டு, அம்மா ஒப்புட்டு (வெளியூரில் போளி என்பார்கள்) வைத்தார். மாமா இலை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீரைக்கூடத் தொடவில்லை. நான் ஒத்திகை பார்த்துவைத்திருந்த மன்னிப்பை எடுத்துவிட்டேன்.

"மாமா, நான் எழுதுனதை மனசுல வெச்சுக்காதீங்க."

"அதெல்லாமில்லீங்க அம்மணி. மனசுல பட்டதைச் சொல்லிப்போட்டீங்க. நல்லதுதானுங்க."

"உங்களுக்குன்னு எழுதலீங்க மாமா. எல்லாத்துக்கும் பொதுவா அனுப்புனதுங்க."

மாமா நிமிர்ந்தார். "எல்லாத்துக்குமுங்களா?"

"ஆமாங்க. நெறையப் பேருக்குப் போயிருக்குதுங்க. பாதிப் பேரு தொறந்துகூடப் பாக்கலீங்க."

அத்தை, அதாவது பிரபுவின் அம்மா, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மாமா மெதுவாகக் கேட்டார்: "அப்ப எத்தன எடத்துலீங்க அம்மணி சம்பந்தம் பேசியிருந்தீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் மோட்டாரைச் சொல்றனுங்க மாமா" என்றேன்.

"எந்த மோட்டாருங்க? உறவு வேண்டாம், வெலகிக்குங்கன்னு நீங்கதான எழுதுனீங்க? நானும் பொத்தானை அமுக்கிப்போட்டனுங்க. 'வெற்றிகரமாக விலகிவிட்டீர்கள்'னு வந்தும்போச்சுங்க. அப்பறம் எப்படீங்க கை நனைக்கறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா மடலின் மேல்பாதியோடு நிறுத்திவிட்டிருந்தார். பிரபு விழுந்து விழுந்து சிரித்தான். தன் போனை எடுத்து அப்பாவிடம் நீட்டினான். அதில் அதே மடல், 'ஏனுங்க பிரபு' என்று. மாமா கீழே தள்ளித் தள்ளிப் படித்தார். "அட, மோட்டாரு!" என்றார். கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

ஒப்புட்டை நோக்கிப் போன அந்தக் கையை அத்தை பிடித்துவிட்டார். "இருங்க. தெரிஞ்சோ தெரியாமலோ வெலகியாச்சு. திரும்பச் சேந்துட்டுச் சாப்புடுங்க. நல்ல காரியமில்லீங்களா?"

அம்மாவும் அதற்குத் தலையாட்டினார். மாமாவின் முகவரியை மறுபடி சேர்த்தேன். உறுதி செய்யச் சொல்லி அவருக்கு ஒரு மின்னஞ்சல் வர வேண்டும். வரவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறைக்குள் சிக்னல் எட்டிப்பார்க்காது. மாமா போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பின்னால் அத்தை, பிரபு, அம்மா, கடைசியில் சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நான். உள்ளே ரசம் ஆறிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே மின்கம்பத்தடியில் போன் டிங் என்றது.

"அமுக்கட்டுங்களா?" என்று மாமா எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். அமுக்கினார். அம்மா அங்கேயே, நடுரோட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மின்மடலும் நடக்கிறது. ஒரே ஒரு சிக்கல், மாமாவின் கட்சி வேறு, என் அரசியல் வேறு. (எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், குடும்பம் நடத்த வேண்டும்.) ஒவ்வொரு மடலையும் வரிவிடாமல் படித்து, ஒவ்வொரு வரிக்கும் பல்லைக் கடிக்கிறார். கடைசியில் விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போகிறதாம். சமையலறையிலிருந்து அத்தை சத்தம் போடுகிறார்: "ஏனுங்க, அமுக்கிப்போடாதீங்க! பையன் பொழப்பு கெட்டுப்போகும்!"

விளையாட்டு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் எனக்கும் பிரபுவுக்கும் சண்டை என்று காதில் விழுந்தால், அத்தை எங்கள் இருவரையும் ஒன்றும் கேட்பதில்லை. நேராகப் போய் மாமாவின் போனை வாங்கிப் பார்க்கிறார்.