குறை சொல்லிக் கார் வாங்குகிறவர்

கார் வாங்குகிறவர்களில் புதுக் கார் வாங்குகிறவர், பழைய கார் வாங்குகிறவர் என்று இரண்டே வகைதான் உண்டு என நினைத்திருந்தால், வாசகரே, நீங்கள் ஈப்போவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகக் கழித்ததில்லை என்று பொருள். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு, எந்த ஊரில் யார் வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்த கார் கிடக்கிறது என்று மோப்பம் பிடித்துப் போய், அதை நாலு சுற்றுச் சுற்றி, தட்டி, தடவி, சுரண்டி, அடியில் படுத்து எழுந்து, "இது தேறாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவர். இவரைத் துருப் பரிசோதகர் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் கிடையாது. ஓய்வும் கிடையாது.

அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருப்பார். ஒட்டினால் இரும்பு, வழுக்கினால் ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. கையில் டார்ச்சு, தோளில் படுத்துப் பார்க்க ஒரு பழைய துண்டு. கார்க் கதவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு சாத்துவார். சத்தத்தைக் கேட்டு "ம்" என்பார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாது.

இவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். பிடிக்காத காரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லலாம். பிடித்துப்போன காரை மட்டும் வாயாரத் திட்ட வேண்டும். ஆசை வெளியே தெரிந்தால் விற்கிறவர் விலையை ஏற்றிவிடுவாராம்.

எங்கள் லயனலை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசிக் கம்பம் ஏறியே காலம் தள்ளி, இப்போது ஓய்வில் இருக்கிறார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் படுத்துப் பார்க்காத பழைய கார் பாகான் செராயிலிருந்து சிம்பாங் பூலாய் வரை இல்லை. வாங்கியது? ஒன்றுகூட இல்லை. ஆனால் அவருக்கும் ஓர் ஆசை உண்டு. சொந்தமாக ஒரு மோரிஸ் மைனர். முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு காலையில் சிம்பாங் பூலாய் வரை ஓட்டிப்போய், ரொட்டி சானாய் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். மனுஷர் இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவர் மனைவி ரோசரிக்குத் தெரியும்.

ரோசரி சென்ற மாதம் பொறுமை இழந்தார்.

"ஞாயித்துக்கெழம ஆனா ஊரான் வீட்டுக் கொல்லையில படுத்து எந்திரிச்சு வாரீங்க. மண்ணுச் சட்டையத் தொவைக்கிறது நானு. இன்னும் ஒரே ஒரு காரு போய்ப் பாருங்க. புடிச்சிருந்தா வாங்கிட்டு வாங்க, நான் ஒன்னும் சொல்லல. வெறுங்கையோட வந்தீங்க, அதுக்கப்புறம் கார் பேச்சே இந்த வீட்டுல கூடாது. சரியா?"

"சரிலா," என்றார் லயனல்.

அந்த ஒரே ஒரு கார் சுங்கை சிப்புட்டில் இருந்தது. ஒரு காலத்தில் ரப்பர் எஸ்டேட்டாக இருந்து இப்போது செம்பனை நிற்கிற நிலத்தின் ஓரத்தில், காளியம்மா என்ற எழுபது வயதுக்காரியின் வீட்டுக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில் மோரிஸ் மைனர் கிடந்தது. லயனல் தனியாகப் போகவில்லை. இந்த வகையினர் தனியாகப் போவதே கிடையாது. கூடவே தலையாட்டுவதற்கென்று ஒருவர் வேண்டும். லயனலுக்கு அந்த வேலையைச் செய்பவர் அவருடைய நண்பர், வொர்க்‌ஷாப் விக்னேஸ்வரன். லயனல் ஒரு குறை சொன்னால் இவர் வருத்தத்தோடு இடமும் வலமும் தலையை ஆட்ட வேண்டும்.

"எஸ்டேட்ட வித்தப்ப மேனேஜர் எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டுப் போனது தம்பி," என்றார் காளியம்மா. "அவரும் போயிச் சேந்துட்டாரு. இப்ப கோழிதான் உள்ளாற முட்ட போடுது. போன மாசம் டெங்கு ஆளுங்க வந்து, தண்ணி நிக்குது, கொசு வருது, அப்புறப்படுத்துங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. யாராச்சும் ஆசப்பட்டு எடுத்துக்கிட்டாப் போதும். நீங்களாப் பாத்து ஏதாச்சும் குடுங்க."

இந்த இடத்தில் சாதாரண மனிதர் என்ன செய்வார்? "எனக்கு ஆசைதான் அக்கா" என்று சொல்லிவிட்டு வேலையை முடிப்பார். லயனல் துண்டை விரித்துப் படுத்தார்.

வண்டியைத் தாங்குகிற சட்டம் கல் மாதிரி உறுதியாக இருந்தது. தரையில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டே ஓட்டை, வெட்டி ஒட்டிவிடலாம். மட்கார்டு நாலும் அரித்துப் போயிருந்தன; அவை கழற்றி மாற்றுகிறவைதான். முன்மூடியைத் திறந்து விசிறியைக் கையால் திருப்பினார். எஞ்சின் சுற்றியது! இத்தனை வருஷம் மழையில் கிடந்த எஞ்சின், முனகிக்கொண்டே ஒரு சுற்று சுற்றிக் கொடுத்தது. அதற்குள் காளியம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து காரின் பதிவுப் பத்திரமான கெரானையும் காட்டினார். துருவை வெட்டலாம், கதவை மாற்றலாம், கெரான் இல்லாத காரை மட்டும் எந்தக் கொம்பனாலும் ரோட்டில் ஓட்ட முடியாது. இதற்கு அந்தப் பத்திரமும் மடிப்புக் கலையாமல் இருந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தேடியது இதைத்தான். லயனலுக்கு அந்தக் காரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அக்கா, மனசுல ஒன்னும் வச்சிக்காதீங்க. இது காரு இல்ல, சல்லட."

விக்னேஸ்வரன் தலையை ஆட்டினார்.

"இந்தப் பக்கம் கைய விட்டா அந்தப் பக்கம் வருது. எஞ்சின் செத்துப் போச்சு. எவனாச்சும் புள்ளகுட்டிய ஏத்திக்கிட்டுப் போனான்னு வைங்க, நடு ரோட்டுல பொத்துன்னு கழண்டு விழும். குடும்பமே போயிரும்லா."

விக்னேஸ்வரன் அன்று தலையாட்டிய வேகத்தைப் பார்த்து, "அந்தத் தம்பிக்குக் கழுத்து வலியா?" என்று காளியம்மா கவலையோடு விசாரித்தார். பிறகு காரைப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

"அம்புட்டு மோசமாவா இருக்கு? கெரான்லாம் இருக்கே தம்பி."

"கெரான் இருக்கு. காரு எங்க? சும்மா குடுத்தாலே யோசிக்கணும். சரி, பாத்துச் சொல்றேன்."

வந்த வண்டியில் ஏறி முனை திரும்பியதும் லயனல் நண்பரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "மச்சான், கெடச்சிருச்சுடா!"

"அப்ப திரும்பிப் போயி முடிச்சிருவோம்லா. எதுக்கு விட்டுட்டு வாரே?"

"ஒனக்கு ஒன்னும் தெரியல. மூனு நாளு ஊறட்டும். வெல அதுவா எறங்கி வரும்."

அந்த மூன்று நாளும் லயனல் என்ன நிறம் அடிப்பது என்று யோசித்தார். பச்சையா, சாம்பலா? சாம்பல். புதன்கிழமை காலை, கார் இழுக்கிற லோரியை ஏற்பாடு செய்துகொண்டு, விக்னேஸ்வரனோடு சுங்கை சிப்புட் போய் இறங்கினார்.

ரம்புத்தான் மரத்தடியில் கார் இல்லை. அது கிடந்த இடத்தில் புல் வெளுத்துப் போயிருந்தது. ஒரு கோழி எங்கே போவதென்று தெரியாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது.

காளியம்மா ஓடி வந்தார். "வாங்க தம்பி! நீங்க நல்லாருக்கணும். அன்னிக்கு நீங்க சொன்னதக் கேட்டு எனக்கு ராத்திரியெல்லாம் மனசே சரியில்ல. அவ்ளோ தூரத்துலேருந்து வந்த மனுசன் தலையில இதக் கட்டப் பாத்தோமேன்னு வெக்கமாப் போச்சு. வேற யாராச்சும் தெரியாம வாங்கி, புள்ளகுட்டியோட விழுந்து வச்சா அந்தப் பாவம் யாருக்கு? நேத்து பழைய இரும்பு லோரி வந்துச்சு. காசே வாங்கல, ஏத்தி விட்டுட்டேன்."

கோழியைப் போலவே லயனலும் அந்த வெளுத்த புல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வேற ஆளுன்னா நல்லாருக்கு நல்லாருக்குன்னு பொய் சொல்லியிருப்பான். நீங்க உள்ளத உள்ளபடி சொன்னீங்க," என்று சொல்லி, காளியம்மா ஒரு தட்டு நாட்டுக்கோழி முட்டையை அவர் கையில் வைத்தார்.

பழைய இரும்புக் கடையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். கடை முதலாளி தவுக்கே கையை மட்டும் காட்டினார். கூரை ஒரு குவியலில், கதவுகள் இன்னொரு குவியலில். லயனலுக்கு அழுகை வந்தது. இந்த வயதில், இரும்புக் கடை நடுவில், முட்டைத் தட்டோடு நின்று அழ வெட்கமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்ல அந்த ரம்புத்தான் மரத்தடியில் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தது. அதையும் அவர் பொய்க்கே செலவழித்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ரோசரி, "எங்க காரு?" என்றார்.

"அடியெல்லாம் போச்சு ரோசரி. தேறாது. நல்லவேள வாங்கல."

ரோசரி முட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த வீட்டில் கார் பேச்சு அதோடு முடிந்தது.

சிரிக்கிறீர்கள், வாசகரே. காருக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருக்கட்டும். மனசுக்குப் பிடித்த வீட்டைப் பார்க்கப் போய், "சமையல்கட்டு சின்னது" என்று மூக்கைச் சுளித்தது யார்? ஆசைப்பட்ட சேலையை "சாயம் போயிரும்" என்று தள்ளிவிட்டு, கடைக்காரர் திரும்பக் கூப்பிடுவார் என்று வாசல்வரை அன்னநடை நடந்தது யார்? மகன் கூட்டிவந்த பெண்ணை முதல் பார்வையிலேயே பிடித்துப்போயும், அவள் காதில் விழும்படி "நிறம் கொஞ்சம் கம்மி" என்றது யார்?

போகட்டும். இப்போதுகூட இதைப் படித்துவிட்டுப் பக்கத்திலிருப்பவரிடம், "சுமார்தான், நடுவுல கொஞ்சம் இழுவை" என்று சொல்லத்தானே வாயைத் திறக்கிறீர்கள்? தாராளமாகச் சொல்லுங்கள். குரலை மட்டும் சற்றுத் தாழ்த்திச் சொல்லுங்கள். எழுதியவன் நம்பிவிடுவான்.