இலைக்கு வந்த ஒத்தடம்

கையால் செய்த பரிசில் ஒரு ஆபத்து உண்டு. அது என்ன பொருள் என்பது செய்தவனுக்கு மட்டும்தான் தெரியும். கடையில் வாங்கினால் அட்டைப்பெட்டியிலேயே படம் போட்டிருக்கும். ஃபிளாஸ்க்கை யாரும் பூந்தொட்டி என்று நினைத்துவிட மாட்டார்கள். நான் செய்து கொடுத்த பரிசை என் வருங்கால மாமியார் சமைத்துவிட்டார். சமைத்ததை எனக்கே பரிமாறவும் செய்தார். தவறு முழுக்க என்னுடையதுதான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அப்போது ஓசூரில், வண்டிக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். மஞ்சுளா அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். உத்தனப்பள்ளிக்காரி. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், பெங்களூரிலிருந்து சரக்கு கொண்டுவரும் டிரைவர்களிடம் கன்னடம் (கோபம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில்). கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்து, அவரவர் வீட்டில் சொன்னோம். பாலக்கோட்டில் என் அப்பாவும் அம்மாவும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுச் சரி என்றார்கள். மஞ்சுளாவின் அப்பா நாராயணப்பா அவ்வளவு சுலபமாக மசியவில்லை. தக்காளியும் முட்டைக்கோசும் போடுகிற விவசாயி. பையன் எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் எப்படிப் பெண் கொடுப்பது என்றாராம். அதில் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் உகாதி வந்தது. அவர்கள் வீட்டில் அதுதான் வருடப்பிறப்பு. ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும். விலை அதிகமானதை வாங்கினால் பந்தா காட்டுகிறான் என்பார் அப்பா, ஒன்றுமே இல்லாவிட்டால் கஞ்சன் என்பார் என்று மஞ்சுளா சொல்லிவிட்டாள். யோசித்துக்கொண்டே போனைத் தடவியபோது ஒரு வீடியோவில் ஒரு அம்மா வந்தார். ஐந்து நிமிடத்தில், வீட்டில் இருப்பதை வைத்தே, உள்ளம் கவரும் பரிசு என்றார். துணிப்பையில் தானியத்தை நிரப்பித் தைத்து, கொஞ்சம் தைலம் விட்டால் ஒத்தடப் பை தயார். சூடாக்கி வலிக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளலாம். நாராயணப்பாவுக்கு முட்டிவலி என்பது எனக்குத் தெரியும். கடவுளே போன் வழியாக வழிகாட்டுகிறார் என்று நினைத்தேன்.

அந்த அம்மாவின் ஐந்து நிமிடம் எனக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று. டெய்லர் கடையில் மிச்சம் கிடந்த சிவப்புத் துணியைக் கேட்டு வாங்கினேன். கொள்ளு வாங்கினேன். யூகலிப்டஸ் இலையைக் காயவைத்துப் பொடி செய்து கலந்தேன். அதற்குமேல் பைக்கு இரண்டு சொட்டு நீலகிரித் தைலம். பட்டன்கூடத் தைத்து அறியாதவன், ஊசியால் விரலைக் குத்திக்குத்தி ஆறு பைகள் தைத்தேன். பிரிந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு ஓரத்தையும் மூன்று முறை தைத்தேன். ஆறு பையும் ஒரே எடை இருக்கிறதா என்று தராசில் வைத்துப் பார்த்தேன் (வேலைப் புத்தி). பார்க்கிறவருக்கு இது என்னவென்று புரியுமா என்பதை மட்டும் ஆய்வு செய்யவில்லை.

இல்லை, அப்படியும் சொல்ல முடியாது. ஒரு சீட்டில் என் அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன்: ‘நன்றாகச் சூடாக்கி, பொறுக்கும் சூட்டில் பயன்படுத்தவும்.’ எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து, ஜிகினாத்தாள் சுற்றி, உள்ளே என்ன என்று மஞ்சுளாவிடமும் சொல்லாமல் கொடுத்தனுப்பினேன். அவளுக்கும் ஆச்சரியமாக இருக்கட்டுமே என்ற ஆசை.

அவள் பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஷிஃப்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் கேன்டீனில், பிடித்ததா என்று கேட்டேன். “அப்பாவுக்கு ரொம்ப சந்தோசம். நீங்கல்லாம் வர்ற அன்னிக்குன்னு அம்மா பத்திரமா எடுத்து வச்சிருக்காங்க” என்றாள். நாங்கள் வரும்போது சம்பந்திகளிடம் காட்டுவதற்காக வைத்திருக்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். அன்று இரண்டு தட்டு சாப்பாடு சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, என் தாய்மாமா, நான் நால்வரும் உத்தனப்பள்ளி போனோம். வாசலில் கால் வைத்ததுமே தைல வாசனை வந்தது. நாராயணப்பா இப்போதுதான் ஒத்தடம் கொடுத்து முடித்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துப் பூரித்துப் போனேன். போதாக்குறைக்கு, “முட்டி இப்ப பரவால்லீங்களா?” என்று வேறு கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அப்படியேதான் இருக்கிறது என்றார்.

பேச்சு நன்றாகவே போனது. மழை, தக்காளி விலை, கம்பெனி பஸ் எந்த வழியாக வருகிறது என்றெல்லாம் பேசியபின் இலை போட்டார்கள். களியும் கூட்டும் வந்தன. பிறகு மஞ்சுளாவின் அம்மா ரத்னம்மா ஒரு பெரிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாத்திரம் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிற வாசனை.

“உலவச் சாறு. கொள்ளுல வைக்கறது, எங்க பக்கம் விசேசம். அதுலயும் தம்பி அனுப்பிச்ச கொள்ளு, வாசனையே வேற. போயிடப் போவுதுன்னு ஒரே தண்ணிதான் கழுவுனேன்” என்றார்.

பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். என் ஒத்தடப் பைக் கொள்ளேதான்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு மரியாதைப் போட்டி. என் பரிசைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் இது இவர்கள் வீட்டுப் பக்குவம் என்று என் அம்மா நினைத்துக்கொண்டார். பாலக்கோட்டுக் கொள்ளின் குணமே இதுதான் என்று ரத்னம்மா நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று தைலத்தை விழுங்கினார்கள். அம்மா ஒரு வாய் சாப்பிட்டு, கண்ணை மூடித் திறந்து, நல்ல மணம் என்றார். அப்பா இரண்டு முறை தண்ணீர் கேட்டார். மாமாவுக்கு வருடக்கணக்காக மூக்கடைப்பு. இரண்டாவது கவளத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, இன்னொரு கரண்டி கேட்டார்.

நான் களியை உருட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். ஆறு பை, பைக்கு இரண்டு சொட்டு, பன்னிரண்டு சொட்டு. இதில் ஆளுக்கு எத்தனை? கொதித்ததில் எவ்வளவு போயிருக்கும்? வாயைத் திறந்தால் கல்யாணம் போய்விடும். திறக்காவிட்டால் யாருக்காவது வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிடும். ஒரு மனம் சும்மா இரு என்றது. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த மனம் சொல்வதைத்தான் கொஞ்ச நேரம் கேட்டேன்.

அப்போது நாராயணப்பா, சாற்றைக் களியில் விட்டுச் சாப்பிடுவதைவிட அப்படியே குடிப்பதுதான் உடம்புக்கு நல்லது என்று சொல்லி, ஒரு பெரிய டம்ளர் நிறைய ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனார்.

“குடிக்காதீங்க” என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லாக் கைகளும் இலையில் நின்றன. டம்ளர் அவர் உதட்டருகே நின்றது.

“அது சாப்பிடற கொள்ளு இல்லீங்க.”

நாராயணப்பா டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். “சாப்பிடறதுக்கு இல்லன்னா கொள்ளு வேற எதுக்குப்பா?”

“முட்டிக்குங்க.”

“முட்டிக்கா?”

எல்லாவற்றையும் சொன்னேன். போனில் வந்த அம்மா, சிவப்புத் துணி, இலைப்பொடி, தைலம். மஞ்சுளா சாமி அலமாரியிலிருந்து என் சீட்டை எடுத்து வந்து சத்தமாகப் படித்தாள். ரத்னம்மா தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், தமிழ் வாசிக்க வராது. நாராயணப்பா படித்துக் காட்டியிருக்கிறார். சூடாக்கிப் பொறுக்கும் சூட்டில் பயன்படுத்து என்றால் சாறு வைத்து ஆறவிட்டுச் சாப்பிடு என்றுதானே யாருக்கும் தோன்றும்? மஞ்சுளா படித்து முடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்தபோதுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

ரத்னம்மா சிரிக்கவில்லை. பாத்திரத்தைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, “தையலப் பிரிக்கவே எனக்கு அரை நாளு ஆச்சி. கொள்ளுக்குப் போயி யாரு இவ்ளோ கெட்டியா தைப்பாங்கன்னு நானும் யோசிச்சேன்” என்றார்.

“தைச்சது எந்தக் கடை?” என்றார் நாராயணப்பா.

“நானேதாங்க.”

“ஆறும்?”

“ஆறும்.”

விரலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஊசி குத்திய இடங்கள் இன்னும் ஆறவில்லை. அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தக்காளியில் சொத்தை தேடுகிற மாதிரி. அப்புறம் என் அப்பாவிடம் திரும்பி, “என் முட்டிக்குன்னு இத்தினி வருசத்துல யாரும் எதுவும் தைக்கல. தேதியப் பாத்துடலாங்க” என்றார். முதலில் சிரித்தது என் அம்மாதான். அதன்பின் ரத்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். மாமா மட்டும் மிச்சம் இருந்ததைச் சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் ஏப்பம் மட்டும் நறுமணமாக வந்தது என்று அப்பா போனில் சொன்னார்.

கல்யாணம் ஆகி ஆறு வருடம் ஆகிறது. உத்தனப்பள்ளியில் என் பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கே நான் தைல மாப்ளைதான். போன மாதம் தனியாகப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ ஏறி, நாராயணப்பா வீடு என்றேன். எந்த நாராயணப்பா, ஊரில் நாலு பேர் இருக்கிறார்களே என்றார் டிரைவர். தக்காளி போடுகிறவர் என்றேன். நாலு பேருமே தக்காளிதான் என்றார். வேறு வழியில்லாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, தைல மாப்ளை வீடு என்றேன். அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டு, நேராக வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

இறங்கும்போது, நான்தான் அந்த மாப்ளை என்று புரிந்துகொண்டு, தனக்கும் நாளெல்லாம் வண்டி ஓட்டி இடுப்பு வலிக்கிறது என்றார். அடுத்த முறை வரும்போது கட்டாயம் ஒரு பை தைத்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டு, மருந்துக்கடைக்காரரிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டார்: “சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயாங்க?”