காய்ச்சல் வந்ததும் வாங்க

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நீயும் அத்தானும் சுகந்தானே? இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். எனக்கும் சட்டப்படி ஒன்றுமில்லை.

முந்தாநாள் பனிக்குடம் உடைந்துவிட்டது. ஐந்தாம் மாதம்கூட நிறையவில்லை. குட்டியைப் பெற்றபோது பார்த்த அதே டாக்டரம்மாதான் ஸ்கேன் செய்தார். பிள்ளை பிழைக்காது, ஆனால் இதயம் இன்னும் துடிக்கிறது என்றார். நான் அழுதேன், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கிருமி ஏறுறதுக்குள்ள கருவைக் கலைக்கணும்மா. ஆனா கிருமி ஏறினாத்தான் கலைக்க விடுவாங்க" என்றார். பட்டம் வாங்கிய எனக்கே புரியவில்லையே என்று திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன், அப்படியேதான் சொன்னார். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் செய்யலாம் என்று சட்டத்தில் இருக்கிறதாம், எவ்வளவு ஆபத்து என்று எழுதியவர் எழுதவில்லையாம், ஆபத்து வரும்போலிருந்தாலே போதும் என்று ஒரு கோர்ட் சொன்னதாம், அதை மேல்கோர்ட் நிறுத்தி வைத்திருக்கிறதாம், அவசரப்பட்டால் அவருக்கு ஜெயில், தாமதித்தால் எனக்கு... அந்த இடத்தில் அவர் ஸ்டெதாஸ்கோப்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரி வக்கீலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வக்கீல் மிகவும் மரியாதையான மனிதர். "இப்ப எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். நம் வீட்டு வளர்ப்பு உனக்குத் தெரியாதா, "நல்லா இருக்கேங்க" என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காய்ச்சல் வந்ததும் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து விருந்தாளிக்குக் காத்திருப்பதுபோல் காய்ச்சலுக்குக் காத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுத் தெர்மாமீட்டரும் கையுமாக அலைகிறார். காய்ச்சல் இல்லையென்றதும் "நல்லவேளை" என்கிறார், சொன்னதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நேற்று சாயங்காலம் லேசாகச் சுட்டது. ஓடினோம். அங்கே அளந்தால் ஒன்றுமில்லை. கிளம்பும் அவசரத்தில் மாமியார் நீட்டிய மாத்திரையை விழுங்கியிருக்கிறேன். "மருமகளுக்குக் காய்ச்சல்னா மாத்திரை கொடுக்காம வேடிக்கை பார்ப்பாங்களா?" என்று அவர் சண்டைக்கே போய்விட்டார். "நீங்க செஞ்சதுதாம்மா வைத்தியம். நான் செஞ்சிட்டிருக்கறதுக்குத்தான் பேர் தெரியலை" என்றார் டாக்டரம்மா.

எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், உங்கள் ஊரில், சட்டமே வேறு, அங்கே உடனே செய்துவிடுவார்கள் என்று நர்ஸ் ஒருத்தி வராந்தாவில் என் காதில் சொன்னாள். தான் சொல்லவில்லை என்றும் சொன்னாள். டாக்டரம்மாவைக் கேட்டால், "அதைப் பத்தி நான் வாயைத் திறக்கலாமான்னே வக்கீலைத்தான் கேக்கணும்" என்கிறார். நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரித்து வை. அவசரமில்லை. டூட்டியை விட்டுவிட்டு ஓடிவராதே. அத்தானைப் பயமுறுத்தாதே. குட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள், ஒரு கையால்தான் தட்டுகிறேன், பிழையிருந்தால் பொறு.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தங்கை

பி.கு.: அவசரமில்லை, வராதே என்றதையெல்லாம் எழுதாததாக வைத்துக்கொள். உடம்பு தூக்கிப் போடுகிறது. தெர்மாமீட்டர் சட்டத்துக்குப் போதுமான அளவு காட்டுகிறது. மாமியார் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று அழுதபடி நிற்கிறார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். "அப்பாடா, கிளம்பி வாங்க" என்றவர், அந்த அப்பாடாவுக்காகவே அழ ஆரம்பித்துவிட்டார். இனி வக்கீலைத்தான் எழுப்ப வேண்டுமாம். யார் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லிவிடாதே என்று என் வீட்டுக்காரர் பாடம் நடத்திக்கொண்டே சட்டையை மாட்டுகிறார். நான் நல்லா இல்லை அக்கா. குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சீக்கிரம் பதில் போடு.