படுக்கையறை ஜன்னல் குறித்து ஆறு கூட்டங்கள்

ஒரு குடும்பம் நாகரிகமடைந்ததா இல்லையா என்பதை அது போட்ட கூட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டே சொல்லிவிடலாம். அந்த வகையில் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரின் பழைய வீடு நாகரிகத்தின் சிகரம். படுக்கையறையின் ஒற்றை ஜன்னலுக்கு மட்டும் மாதம் ஒன்றாக ஆறு கூட்டங்கள்.

விஷயம் சின்னதுதான். ஜன்னல் திறக்கவில்லை, மனைவிக்கு இழுப்பு. அறைக்குள் காற்று வராவிட்டால் என் மாத்திரையை நம்பாதீர்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் பதறிப்போயிருப்பார். நம்மவர் ஃபைல் திறந்தார். "பொருள்: ஜன்னல். மாற்றுவதா, புதுப்பிப்பதா?"

குழுவில் மூவர். தலைவர் அவரே. மச்சான், பழையதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அலுமினியம் போடும் கட்சி. தம்பி, தேக்கில் கைவைத்தால் நடப்பதே வேறு என்கிற கட்சி. மனைவி உறுப்பினர் அல்லர்; அவர் "பயனாளி". பயனாளி வாயைத் திறந்தால் பாரபட்சமாகிவிடுமாம். டீ கொண்டுவர மட்டும் அனுமதி உண்டு.

மூன்றாம் கூட்டத்தில் கொசுவலைக்கு ஒரு துணைக்குழு அமைந்தது. நான்காவதில் மச்சானும் தம்பியும் முறைத்துக்கொண்டதால் சமாதானம் பேசவே நேரம் போதவில்லை. ஐந்தாவதற்குள், இருமல் சத்தம் சிந்தனையைக் கலைக்கிறது என்று தலைவர் தம் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். பொதுக்காரியம் என்றால் சும்மாவா? ஆறாவதில் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்: தச்சரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது.

மறுநாள் காலை தச்சர் வந்தார். மூவரும் அவர் பின்னாலேயே அறைக்குள் நுழைந்தார்கள். அவர் கருத்தொன்றும் சொல்லவில்லை. ஜன்னல் விளிம்பை நகத்தால் சுரண்டினார்.

"இதுக்கு யாருங்க பெயின்ட் அடிச்சது?"

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "நானேதான். வருஷா வருஷம். சாத்தி வெச்சு, ஒரு இடுக்கு விடாம அடிப்பேன்."

தச்சர் பட்டைக் கத்தியை அந்த இடுக்கில் விட்டு நாலு பக்கமும் இழுத்தார். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர, இரண்டு கதவும் திறந்துகொண்டன. மரம் கல்லு மாதிரி இருக்கிறது, மாற்றவும் வேண்டாம், புதுப்பிக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் துடைத்தார்.

மச்சானும் தம்பியும் முதன்முறையாக ஒரே கட்சியானார்கள்: இருவருக்கும் முகம் செத்துப்போயிற்று. தீர்மானம் நிறைவேறாமல் ஒரு ஜன்னல் தானாகத் திறப்பதாவது! ஏழாம் கூட்டம் வரை பழைய நிலையே நீடிக்கட்டும் என்று தலைவர் சாத்தப் போனார்.

மனைவி அந்தக் கையைத் தட்டிவிட்டார். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மூச்சு நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்தார்.

"ஆறு மாசமா மூணு பேர் கூடத்துல உக்காந்து பேசினீங்களே. ஒருத்தராவது எழுந்து வந்து இந்த ஜன்னலைத் தொட்டுப் பாத்தீங்களா?"

தலைவர் பேனாவை எடுத்தார். கடமை தவறாதவர் அல்லவா, நடந்ததை நடந்தபடியே எழுதினார்: "பயனாளி ஒரு கேள்வி கேட்டார். உறுப்பினர் எவரிடமும் பதில் இல்லாததால் கூட்டம் இனிதே நிறைவுற்றது."