வத்தகப்பழத்துக்குப் பக்கத்தில் படுத்த கதை

பிள்ளை இல்லாதவர்களுக்குத்தான் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எல்லாம் தெரியும். கல்யாணத்துக்கு முன் நானும் அந்தத் துறையில் பெரிய நிபுணன். இப்போது எனக்கே ஒரு மகள் இருக்கிறாள், ஒன்றும் தெரியாது.

அந்த ஓகஸ்ட் விடுமுறைக்குச் சற்று முன்புதான் அத்தான் கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்தார். அக்காவின் மகன் அகரனுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் இருந்தவரை சமாளித்துக்கொண்டிருந்தவன், லீவு விட்டதும் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குள் முழுநாளும் அடைபட்டு, தொட்டதற்கெல்லாம் அழத் தொடங்கினான். பாண் துண்டைக் குறுக்கே வெட்டினாலும் அழுகை, வெட்டாவிட்டாலும் அழுகை. அக்காவுக்கு வேலையிடத்தில் லீவு கிடைக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருந்த நான் ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு, பையோடு போய் இறங்கினேன்.

அவனை ஏசக்கூடாது, போனைக் கையில் கொடுக்கக்கூடாது. அக்கா கேட்டது இவ்வளவுதான். எல்லாம் நான் பார்க்கிறேன் என்றேன். என்னுடைய துணிவுக்குக் காரணம் முதல் நாள் இரவு பார்த்த சில வீடியோக்கள். அவற்றில் ஒரு அம்மணி மிக இனிமையாகச் சொல்லியிருந்தார்: பிள்ளை அழும்போது அதன் கண்மட்டத்துக்கு இறங்குங்கள், அதன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லுங்கள், நீங்கள் அமைதியாக மூச்சு விடுங்கள். (மூச்சு நான் பிறந்த நாளிலிருந்து விடுகிறேன். பிறகென்ன கஷ்டம்?)

மறுநாள் பால்மா வாங்க இருவருமாகக் காலி வீதியில் உள்ள ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனோம். மரக்கறிப் பக்கம் வத்தகப்பழங்களை, அதுதான் தர்ப்பூசணிகளை, குவித்து வைத்திருந்தார்கள். அகரன் அதில் பெரியதொன்றைக் கட்டிப்பிடித்து, இது வேண்டும் என்றான். தூக்கிக்கொண்டு போக முடியாது, வெட்டின துண்டு வாங்குவோம் என்று நியாயமாக எடுத்துச் சொன்னேன். அவன் அந்த நியாயத்தைக் கேட்டுவிட்டு, அப்படியே தரையில் மல்லாந்து விழுந்து, மீன் கடை வரைக்கும் கேட்கக்கூடிய ஒரு சத்தத்தை எழுப்பினான்.

நிபுணன் பதறவில்லை. முதலில் குனிந்தேன். கண்மட்டம் வரவில்லை. முழங்காலில் இருந்தேன். அப்போதும் வரவில்லை, ஏனென்றால் அவனுடைய கண் தரையோடு தரையாக இருந்தது. அந்த அம்மணி இப்படியொரு நிலைமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே நானும் அவனுக்குப் பக்கத்தில், ஒஃபிசுக்குப் போடும் சேர்ட்டோடு, நீட்டி நிமிர்ந்து படுத்தேன். (தரை நல்ல குளிர். அந்த வெயிலுக்கு சுகமாகத்தான் இருந்தது.)

"அகரன், நீ கோபமாக இருக்கிறாய் என்று எனக்குப் புரிகிறது" என்றேன்.

அவன் அழுகையை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏன் மாமா நியூஸ் வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறீங்கள்?"

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் செக்கியூரிட்டி ஓடி வந்துவிட்டார். "மாத்தயாட்ட கலந்தே தாலா" என்று அவர் சிங்களத்தில் குரல் கொடுக்க, ஐயாவுக்கு மயக்கம் என்ற செய்தி கடை முழுக்கப் பரவியது. ஒருவர் என் சப்பாத்தைக் கழற்றி உள்ளங்காலைத் தேய்த்தார். (இடது காலுறையில் ஓட்டை. பெருவிரல் வெளியே நின்று எல்லோரையும் பார்த்தது.) இன்னொருவர் முகத்தில் சோடாவை ஊற்றினார். எனக்கு ஒன்றுமில்லை, பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். சோடா மூக்குக்குள் போனதில் அது வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். வலிப்பு என்று முடிவெடுத்து, இரும்பு பட்டால் நிற்கும் என்று ஒரு பெரியவர் தன் வீட்டுத் திறப்புக் கோர்வையை என் கைக்குள் திணித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அக்காவின் மாடியில் குடியிருக்கும் அன்ரி ஒருவர், உங்கட தம்பி விழுந்து கிடக்கிறார் என்று அக்காவுக்கு போன் எடுத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு கால்களுக்கும் நடுவில் அகரன் என் காதோடு வந்து படுத்தான். அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்பா எண்டால் தட்டிப் பாத்துத்தான் வாங்குவார். என்னையும் தட்டச் சொல்லுவார். நீங்கள் தட்டவே இல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் பழம் கேட்கவில்லை. வீடியோவில் சொன்ன வசனங்கள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எனக்கும் அத்தான் இல்லாதது ஒரு மாதிரித்தான் இருக்கடா."

"உங்களுக்குமோ?" என்றான். ஓம் என்றேன். இருவரும் மல்லாந்து கூரை லைட்டைப் பார்த்தோம். பிறகு அவன் எழும்பி, எங்களைச் சுற்றி நின்றவர்களிடம், மாமாவுக்குச் சுகமாகிவிட்டது, இனி எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்தான்.

அக்கா ஓட்டோவில் மூச்சிரைக்க வந்து இறங்கியபோது, நான் தலையிலிருந்து சோடா சொட்டச் சொட்ட நிற்க, அகரன் ஒவ்வொரு பழமாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா என்னை ஏசத் தொடங்கி, மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அன்று பின்னேரம் வத்தகப்பழத்தை வெட்டும்போது அத்தானுக்கு வீடியோ கோல் எடுத்தோம். அடுத்த நாளும் அவன் அழுதான். ஆனால் ஏன் என்று சொல்லிவிட்டு அழுதான்.

எனக்குக் கிடைத்த பரிசு வேறு. பெடியனுக்கு வலிப்பாம் என்ற கதை ஹெந்தளை வரைக்கும் போய், அங்கே எனக்குப் பேசிக்கொண்டிருந்த கல்யாணம் ஒன்று சத்தமில்லாமல் நின்றது. பிறகு என்னைக் கட்டியவள் முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் ஓம் என்றாள்.

எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்காவது கோபம் ஏறினால், "படுப்பமோ?" என்று ஒருவர் கேட்பார். போன மாதம் லீவில் வந்திருந்த அத்தானுக்கும் அக்காவுக்கும் ஏதோ வாய்த்தர்க்கம். இப்போது மீசை அரும்பத் தொடங்கியிருக்கும் அகரன் ஹோல் நடுவில் போய்ப் படுத்தான். அத்தானும் போய் அவனுக்குப் பக்கத்தில் படுத்தார். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இந்தக் குடும்பத்துக்கே விசர் என்று சொன்னாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்கோ" என்றாள்.