நாதசுத்தி சபாவில் ஒரு கூவல்

இதனால் மயிலாப்பூர் மகாஜனங்களுக்குத் தெரிவிப்பது யாதெனில், நாதசுத்தி சபாவின் புதிய ஆம்ப்ளிஃபையரில் ஒரு கூவல் இருக்கிறது. கண்டுபிடித்தவர் சபாத் தலைவர் வைத்தமாநிதி. அவர் கண்டுபிடித்தால் அப்பீல் கிடையாது. அவருடைய செவிக்குப் பொன்னாடை போர்த்தி, 'தங்கச் செவி' என்று பட்டமும் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது அதே சபாதான்.

"கூவறது, ஓய்," என்றார் முதல் வரிசை நடு நாற்காலியிலிருந்து. கண்ணை மூடி, வலது கையைக் குவித்துக் காதோடு வைத்திருந்தார். சங்கீதம் கேட்கும்போது அவருடைய தோரணை அது. சபா மலரின் அட்டையிலும் அப்படித்தான் இருப்பார்.

மேடையில் ஸ்க்ரூடிரைவருடன் நின்றிருந்த தனபாலன் பெருமூச்சு விட்டார். அந்த ஆம்ப்ளிஃபையர் அவருடைய சொந்த டிசைன். வேண்டாத இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் ஒரு இடத்தில், சிக்னலை நிலைதவறாமல் பிடித்து வைக்கும் இன்டெக்ரேட்டர் இன்னொரு இடத்தில் என்று ஊரெல்லாம் வைப்பார்கள். அவர் இரண்டையும் ஒரே சர்க்யூட்டில் பிணைத்திருந்தார். சிக்னல் கடக்க வேண்டிய வாசல் ஒன்று குறைந்ததால் பேண்ட்விட்த் அகன்றது. தம்புராவின் அடிநாதம் முதல் கஞ்சிராவின் சலங்கை வரை எதுவும் வழியில் தொலையாமல் வந்து சேரும்.

இதைக் கேட்டு, அவர் வேலை பார்க்கும் ஆம்ப்ளிஃபையர் கம்பெனியின் முதலாளி மகேஷ் கொட்டாவி விட்டிருந்தான். "சபாவுல ஓகே சொன்னா உங்க டிசைன் செக்‌ஷன் இருக்கும் சார். இல்லேன்னா மூடிடலாம். நீங்க தி.நகர் ஷோரூமுக்கு வந்துடுங்க." ஷோரூம் என்றால் டை கட்டிக்கொண்டு, எந்த நிற ப்ளூடூத் ஸ்பீக்கர் சோபாவுக்குப் பொருந்தும் என்று கல்யாணப் பெண்களுக்குச் சொல்வது. தனபாலனின் மனைவி தங்கபுஷ்பம் டையை ஏற்கனவே வாங்கி வைத்துவிட்டாள். அவளுக்கு அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை.

தனபாலன் ஒலியைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பைப் பார்த்தார். கூவல் இருந்தால் திரையில் கோடு நடுங்க வேண்டும். அது மதியச் சாப்பாடு முடித்த குமாஸ்தா மாதிரி அசையாமல் கிடந்தது.

"எனக்குக் கேக்கலையே சார்."

"உமக்குக் கேட்டா நீர் ஏன் ஓய் அங்க நிக்கறீர்?"

பக்கத்து நாற்காலியில் இருந்த செயலாளர் ஸ்ரீஹரி, தனக்கும் சத்தியமாகக் கேட்பதாகச் சொன்னார். பின்வரிசைக் கமிட்டி உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, தங்களுக்கும் கேட்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

தனபாலன் ஒரு கெபாசிட்டரைச் சேர்த்து உச்ச சப்தங்களைக் குறைத்தார். கஞ்சிராவின் சலங்கை செத்தது. சோதனைக்குப் பாட வந்த அனுப்ரியா என்ற பெண்ணின் குரலில் தூசு படிந்தது. தலைவர் முன்னால் சாய்ந்து, கையை இன்னும் இறுக்கிக் குவித்தார்.

"அதிகமாயிடுத்து."

மறுவாரம் தனபாலன் இன்டெக்ரேட்டரை முடுக்கினார். மிருதங்கம் நனைந்த தலையணையை அடிப்பது போல் ஒலித்தது. தலைவர் இப்போது இரண்டு கைகளையும் இரண்டு காதுகளுக்கும் வைத்துக்கொண்டார். ஜோடியாகக் கூவுகிறது என்றார்.

அடுத்த வாரம் தனபாலன் இரண்டு வைத்தியத்தையும் சேர்த்துச் செய்தார். அனுப்ரியா பாடிய வர்ணம், தாம்பரம் லோக்கல் தாமதம் என்ற அறிவிப்பு போல வந்தது. அந்தப் பெண் மைக்கை முறைத்தாள். தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். மார்கழி நெருங்குகிறது, வெள்ளிக்கிழமை கடைசி வாய்ப்பு, அதற்குமேல் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை நங்கநல்லூர் வீட்டில் தனபாலன் ஒட்டுப்போட்டதையெல்லாம் பிடுங்கிப் போட்டார். சர்க்யூட் முதலில் இருந்தபடியே ஆனது. தோற்பதுதான் தோற்கிறோம், தன் சர்க்யூட்டோடு தோற்போம் என்று தோன்றியது. டையைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சபாவில் அனுப்ரியா பாடினாள். தம்புராவின் அடிநாதம் தரையில் ஊர்ந்து வந்தது. கஞ்சிராவின் சலங்கை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. ஸ்ரீஹரி ஏதோ கேட்டார். தலைவர் பதில் சொல்லவில்லை. பிறர் சொல்வதைக் கேட்கும் வழக்கம் அவருக்கு என்றுமே இல்லாததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கம்போல் கண்ணை மூடி, கையைக் காதில் குவித்து, பாட்டு முடிந்த பிறகும் வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"கூவல் இல்லை," என்றார் கடைசியில். குரல் தழுதழுத்தது. "ஒரு தூசு துரும்பு இல்லை. என்ன ஒரு நிசப்தம், ஓய். அதுதான் நாதம். இதுலே கையே வெக்கப்படாது."

ஸ்ரீஹரி தனக்கும் இன்று கேட்கவில்லை என்று முதல் ஆளாகச் சொன்னார். பின்வரிசை கைதட்டியது. பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் தனபாலனுக்காக யாரும் கைதட்டியதில்லை. கண் கலங்கியதைத் துடைக்கப் பைக்குள் கைவிட்டார். கிடைத்தது டை. அதில் துடைத்துக்கொண்டார்.

வாசலில் காரில் உட்கார்ந்திருந்த தலைவரின் மனைவி சந்திரிகாவிடம் போய் நின்றார். "மாமி, சாரைத் தப்பா நினைச்சுட்டேன். அந்தக் காதோட அருமை இன்னைக்குத்தான் புரிஞ்சுது."

சந்திரிகா கைப்பையிலிருந்து சிறு டப்பா ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"காதுல வெச்சுக்கற மெஷின். ரெண்டும் இதோ இருக்கு. கையைக் கிட்ட கொண்டுபோனா கூவும்னு சொன்னா நம்பமாட்டார். இன்னிக்கு இதை என்கிட்டயே விட்டுட்டு உள்ள போயிட்டார், அவருக்கு ஒண்ணுமே கேட்டிருக்காது."