அல்சூருக்கு வந்த ரோமர்கள்

கல்லைத் தரமாட்டேன் என்று முத்தம்மா அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். மடியில் ஈரத்துணி மூட்டை.

"சாமி, இருவது வருஷமா இதுலதான் தொவைக்கிறேன். இந்த வாட்டம் வேற கல்லுக்கு வராது. பேடா, வேணாம், போயிடுங்க."

ஸ்ரீகண்டன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் தொல்பொருள் இலாகாவில் உதவியாளர். பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், எட்டுக் குடித்தனங்கள் இருந்த ஒரு பழைய பங்களாவின் கிணற்றடி அது; எட்டு வீட்டுத் துணியையும் துவைப்பவள் முத்தம்மா. சிமெண்டு பூசுவதற்காகத் துவைகல்லைப் புரட்டியபோது, அடிப்பக்கம் முழுக்க எழுத்து இருந்திருக்கிறது. குடித்தனக்காரர் ஒருவர் இலாகாவுக்குத் தபால் கார்டு போட்டுவிட்டார்.

ஸ்ரீகண்டன் இலாகாவில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். மற்றவர்கள் கண்டுபிடித்த கல்வெட்டுகளுக்கெல்லாம் நம்பர் எழுதி ஒட்டியாகிவிட்டது. ஆண்டறிக்கையில் ஒரு வரியிலாவது தன் பெயர் வரவேண்டும் என்பது, மனைவி அனந்தலக்ஷ்மியிடம்கூட அவர் சொல்லாத ஆசை.

"உனக்கு வேறே கல் வாங்கித் தரேன்" என்றார்.

வாங்கியும் தந்தார். கொத்திய சொரசொரப்பு ஆறாத புதுக் கருங்கல். மறுநாள் அதில் துவைத்த ஐந்து வேட்டிகளும் ஒரு பட்டுப் பாவாடையும் கிழிந்தன. எட்டுக் குடித்தனமும் முத்தம்மாவை விட்டுவிட்டு ஸ்ரீகண்டனைப் பிடித்துக்கொண்டது.

எழுத்து இன்னதென்று தெரிந்தால் சண்டை ஓயும் என்று நினைத்து, அவர் ஹெர்பர்ட்டை அழைத்துவந்தார். கண்டோன்மெண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்த பழைய கல்லின் மேல் முத்தம்மா மறுபடி ஏறி உட்கார்ந்திருந்தாள். ஹெர்பர்ட் கீழே மண்டியிட்டு, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினார்.

"மை காட்! லத்தீன், மேன்! ரோமாபுரிப் பட்டாளத்துக்காரன் வெச்ச பலிபீடம். 'ஜூபிடர் சாமிக்கு, படைத்தலைவன் காயுஸ், தன் வேண்டுதலைச் சந்தோஷமா செலுத்தினான்.' அவ்ளோதான்."

ஸ்ரீகண்டனும் பக்கத்தில் மண்டியிட்டார். ரோமானியக் காசுகள் இந்தப் பக்கத்தில் கிடைத்ததுண்டு. காசு கைமாறிக் கைமாறி எந்த ஊருக்கும் வரும். பலிபீடம் அப்படி வராது. வேண்டிக்கொண்டவன் இங்கே, இந்த ஏரிக்கரையில் நின்றிருக்க வேண்டும்!

முத்தம்மா கல்லை விட்டுக் குதித்து இறங்கினாள்.

"நேர்த்திக்கடனா? ஐயோ, இத்தினி நாளா சாமி மேலயா அழுக்குத் துணிய அடிச்சேன்!" கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் கல் மஞ்சளும் குங்குமமுமாக ஆகிவிட்டது. இலாகா வண்டி வந்தபோது, சாமியைத் தூக்கக்கூடாது என்று பெண்கள் வழிமறித்தார்கள்.

"அது நம்ம சாமி இல்லேம்மா. சீமைச் சாமி. எழுத்துகூட லத்தீன்" என்றார் ஸ்ரீகண்டன்.

சொல்லியிருக்கக் கூடாது. மூன்றாவது குடித்தனத்து மைக்கேல்ராஜ் அதுவரை வாசல்படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார்.

"லத்தீன்னா எங்க பூசை பாஷையாச்சே சார். அப்போ இது எங்களுது."

ஞாயிற்றுக்கிழமை கல்லின் ஒரு பக்கம் கற்பூரம், மறுபக்கம் மெழுகுவர்த்தி. நடுவே ஒரு போலீஸ்காரர். ஹெர்பர்ட் வந்து, ஜூபிடர் இரண்டு பேருக்குமே சொந்தமில்லை என்று விளக்கினார். இரண்டு கட்சியும் ஒன்றுசேர்ந்து அவரை வெளியே அனுப்பின.

கூட்டம் கலைந்த பிறகு ஸ்ரீகண்டன் புதுக் கருங்கல்லில் போய் உட்கார்ந்தார். முத்தம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் சாமி, அந்தப் பட்டாளத்துக்காரன் என்னா வேண்டிக்கிட்டிருப்பான்?"

இந்தக் கேள்வி இதுவரை தனக்குத் தோன்றவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை கல்லுக்கு நம்பர் ஒட்டியிருக்கிறார்! ஒன்றின் பின்னாலும் ஒரு ஆள் நின்றதாக அவர் நினைத்ததில்லை.

"எழுதலையேம்மா. அவ்வளவு தூரம் வந்தவன். உயிரோட கரை சேரணும்னு கேட்டிருப்பான்."

"கரை சேந்தானா?"

"சந்தோஷமா செலுத்தினேன்னு எழுதியிருக்கானே. கேட்டது கெடச்சிருக்கணும்."

முத்தம்மா முந்தானையால் கல்லின் மேலிருந்த மெழுகைத் துடைத்தாள்.

"எடுத்துக்கினு போங்க சாமி. நம்பி எழுதி வெச்சிருக்கான். நாலு பேரு படிக்கட்டும். இங்க நான் பேசிக்கிறேன்."

அவள் என்ன பேசினாளோ, மறுநாள் பெண்களே வண்டிக்கு வழிவிட்டார்கள். மைக்கேல்ராஜ் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

இலாகா அதிகாரி சீனிவாசராகவன் கல்லைச் சுற்றிச்சுற்றி வந்தார். "இது பெங்களூர்க் கல்லே இல்லையே ஐயா?"

"ஆமாம் சார். ஊர்லேர்ந்தே கப்பல்ல கொண்டுவந்திருக்கான்."

"அடேயப்பா! என்ன பக்தி!"

பத்திரிகைகளில் 'பெங்களூரில் ரோமர்கள்' என்று கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. மியூசியத்தில் மந்திரி கல்லைத் திறந்துவைக்கும் விழாவுக்கு அழைப்பிதழ் அச்சானது. அதில் ஸ்ரீகண்டனின் பெயர் தனி வரியில் இருந்தது. அனந்தலக்ஷ்மி அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். முத்தம்மாவுக்கு இரண்டாவது வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருந்தார் ஸ்ரீகண்டன்.

மந்திரி திரையை விலக்கினார். கைதட்டல் ஓயுமுன், தொப்பி வைத்த ஒரு கிழவி கைத்தடியை ஊன்றி மேடையேறினாள். டோரீன் என்று பெயர் சொன்னாள். பத்திரிகை பார்த்து வைட்ஃபீல்டிலிருந்து வந்திருக்கிறாளாம். அந்த அல்சூர் பங்களாவில்தான் பிறந்தாளாம். கல்லைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு ஸ்ரீகண்டனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள்.

"ரொம்ப தாங்க்ஸ், மேன்! தொலைஞ்சே போச்சுன்னு நெனச்சேன். இங்கிலாந்துல ரோமர் கோட்டை இருந்த வயல்லேர்ந்து, பூந்தொட்டி வைக்கிறதுக்குன்னு எங்க தாத்தா கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்த கல்லாச்சே இது!"